சுண்ணாம்பு சுட்ட இடம்

என் மகன் சந்தியாகுக்கு, உன் அம்மா எழுதுவது.

‘நாங்கள் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும்’ என்று தொடங்கத்தான் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் சுகம் என்று எழுதினால் சர்வேசுரனுக்கே சிரிப்பு வரும். உன் சுகம் எப்படி என்பதை முந்தாநாள் வந்த உன் கடிதமே சொல்லிவிட்டது. ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அய்யா கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் நான் எழுதுவதை நிறுத்தும்போதெல்லாம் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறார். முகத்தில் படித்துவிடலாம் என்று நினைப்பு.

நான் எழுதித்தான் ஆக வேண்டும், பேச முடியவில்லை. உனக்கே தெரியும், இந்தத் தெருவில் வாய்க்காரி என்றால் அது நான்தான். கருவாடு எடுக்க வருகிற வியாபாரி தராசைக் கீழே வைப்பதற்குள் நாலு பேச்சுப் பேசியிருப்பேன். ‘இந்த அக்கா வாயில விழுந்தா எந்திரிச்சு வர முடியாதுப்பா’ என்று அவர் கையெடுத்துக் கும்பிடுவார். கோவிலில் ஜெபமாலை சொல்லும்போது என் சத்தம்தான் முன்னால் போகும். இப்போது அந்த வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்கவில்லை. உன் அய்யா கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் இடது பக்கமாக விடுகிறார், பாதி கழுத்தில் வழிந்துவிடுகிறது. வலது கன்னம் கல்லாகி, வெளிப்பக்கமும் புண் வந்துவிட்டது. நாற்றம் எனக்கே தெரிகிறது. அதனால் கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இதையெல்லாம் உன் மனம் நோக வேண்டும் என்று எழுதவில்லை. நீ வாயைப் பற்றிப் படித்தவன், உன்னிடம் பூசி மெழுகி எழுத எனக்கு வரவில்லை.

‘கண்ணால் பார்த்தும் விட்டுவிட்டேன். இனி யார் வாயிலும் கை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை. படிப்பை நிறுத்திவிட்டேன், வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். இதை அய்யாவுக்குப் படித்துக் காட்ட எனக்கு வாயில்லை. அவர் கடிதத்தை மடத்துக்கு எடுத்துப் போய் கன்னியாஸ்திரீ அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். வந்தவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, “உப்பளத்துக்குப் போறதுக்கா இம்புட்டும் படிச்சான்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததையும் சேர்த்துத்தான் நான் எழுதுகிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைவாய்ப் பல் வலி வந்து ஊரையே கூட்டினாயே, நினைவிருக்கிறதா? நான் என் கன்னத்தில் அதக்கியிருந்த புகையிலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி உன் பல்லில் வைத்து, “கடிச்சிக்கலே” என்றேன். கொஞ்ச நேரத்தில் கண் சொருகி, வாந்தி எடுத்து, மணலில் சரிந்துவிட்டாய். உன் அய்யா கடலிலிருந்து வந்து என்னைப் பேசிய பேச்சு இருக்கிறதே, அன்று ஒரு நாள்தான் அவர் என்னைப் பேச்சில் ஜெயித்தார். நீ எழுந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, “இதத்தான் நீ நாளு பூரா வாயில வச்சிருக்கியாம்மா?” என்றுதான். நான் சிரித்தேன். என்ன சொல்லியிருக்க முடியும்? விடிந்ததும் நீராகாரம் குடித்துவிட்டு மணலில் மீனைப் பரப்பப் போனால், பொழுது சாயும்வரை பசியைக் கேட்காமல் வைத்திருப்பது அந்த ஒரு உருண்டைதான். யாழ்ப்பாணத்துப் புகையிலை, சிப்பி சுட்ட சுண்ணாம்பு, ஒரு கிள்ளு வெற்றிலை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் வயிறு பேசாது. நான் கல்யாணமாகி வந்த நாள் முதலாக நானும் உன் பாக்கியம் அத்தையும் ஒரே சுருக்குப் பையிலிருந்துதான் எடுத்துப் போட்டுக்கொண்டோம்.

பிறகு நீ ராமநாதபுரத்தில் தங்கிப் படித்து முடித்து, மதராஸில் பல் ஆஸ்பத்திரியில் படிக்கச் சேர்ந்தாய். ஊரில் என்ன கேலி! “உம் மகன் பல்லு விளக்கப் படிக்கப் போயிருக்கானாமே, இங்கன கடற்கரையில வேப்பங்குச்சி கிடைக்கலையாக்கும்?” என்று உன் அத்தைதான் ஆரம்பித்து வைத்தாள். பல் பிடுங்குகிற டாக்டர் வேறு, பல்லில் படிந்ததைச் சுத்தம் செய்து ஈறைக் காப்பாற்றுகிறவன் வேறு என்று நீ எழுதியதைத் தெருவுக்கே விளக்கிச் சொன்னேன். எனக்கே பாதிதான் விளங்கியது. இருந்தாலும் விடுவேனா? போட் மெயிலில் வருகிற தபாலுக்குக் காத்திருந்து, உன் கடிதங்களைக் கருவாட்டுக் களத்தில் சத்தம் போட்டுப் படிப்பேன்.

முதலில் சாந்தில் செய்த பல்லில் கை பழக்கினார்கள் என்று எழுதினாய். பிறகு நிஜ மனிதர்களை உட்கார வைத்தபோது உன் கை வேர்த்துக் கருவி வழுக்கியது என்றும், ஒரு ரிக்‌ஷாக்காரர், “பல்லு புடுங்க வந்தா இன்னாத்துக்கு நைனா சொரண்டுறே?” என்று எழுந்து போய்விட்டார் என்றும் எழுதினாய். எல்லோரும் பிடுங்கிக்கொள்ளத்தான் வந்தார்கள், சுத்தம் செய்துகொள்ள ஒருவரும் வரவில்லை. வந்தவர்களும் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்றார்கள். மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்ள வேண்டும், அந்த விரல் அசையாமல் நின்றால்தான் கருவி ஈறைக் கிழிக்காது என்று உன் வாத்தியார் சொன்னாராம். விரல் நிற்க மாட்டேன் என்கிறது அம்மா என்று எழுதினாய். பிறகு ஒரு நாள், நீ சுத்தம் செய்துகொண்டிருந்தபோதே ஒரு பெரியம்மா நாற்காலியில் தூங்கிவிட்டார், விரல் நின்றுவிட்டது என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைப் படித்தபோது களத்தில் பெண்கள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த நாட்களைச் சொல் என்றால் அதை முதலில் சொல்வேன்.

அதற்குப் பிறகு விடுமுறைக்கு வந்தாய். சந்தியாகப்பர் திருநாளுக்குக் கொடி ஏறியிருந்த சமயம். கருவிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, என் கஞ்சிப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தாய். பூவரச மரத்தடியில் பாய் விரித்து, நம் ஊர் வாய்களைப் பார்த்தால் கை இன்னும் நன்றாகப் பழகும் என்று காத்திருந்தாய். ஒருவரும் கிட்டே வரவில்லை. பல்லில் படிகிற காரையை எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னதுதான் தாமதம், உன் அத்தை தூர நின்றபடியே, “காரையப் பேத்துட்டா செவரு என்னத்துக்கு ஆவும்? என் பல்லு பாட்டுக்கு நிக்குது, நீ போலே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. “ஏ, தள்ளுங்கடி” என்று நான் போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

அன்று நடந்ததை நீ உன் கணக்கில் ஒரு விதமாக எழுதி வைத்திருக்கிறாய். நான் பார்த்தது வேறு. கேள். புகையிலையைத் துப்பிவிட்டுக் கொப்பளிக்கச் சொன்னாய். என் தலையை உன் முழங்காலில் சாய்த்துக்கொண்டாய். கீழ் முன்பற்களைச் சுரண்டினாய், வலிக்கவே இல்லை. பெற்றவள் வாய்க்குள் கை விட அருவருப்பாக இருக்குமே என்று நினைத்திருந்தேன், உன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நீ ஊன்றிய மோதிர விரல் என் பல்லின் மேல் கல் தூண் போல நின்றது. ‘என் மகன் தொழில் கற்றுக்கொண்டுவிட்டான்’ என்று எனக்குக் கண் கலங்கியது, நீ வலியென்று நினைத்து நிறுத்தினாய். பிறகு அந்தச் சின்னக் கண்ணாடியை வலது கன்னத்துக்குள் விட்டு ஒதுக்கினாய். அப்போது உன் விரல் நடுங்கியது. எனக்குத் தெரிந்தது, சந்தியாகு. வெளியே சிரித்துக்கொண்டிருந்த யாருக்கும் தெரியவில்லை.

“அம்மா, இங்கன வெள்ளையா இருக்கே, எம்புட்டு நாளா இருக்கு?” என்று கேட்டாய்.

“சுண்ணாம்பு சுட்டிருக்கும்லே. பல்லப் பாரு” என்றேன்.

“தடவுனா சொரசொரங்குது. மதராசுக்கு வாம்மா, பெரிய டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு வருவோம்.”

“திருநாளு வருது, மீனு கிடக்கு, இதுக்குப் போயி ரயிலேறச் சொல்றியா? சுண்ணாம்பு சுட்டதுக்கு மதராசு டாக்டரா? ஏ பாக்கியம், கேட்டியாடி கதய!”

உன் அத்தையும் வாயைத் திறந்து தன் கன்னத்தைக் காட்டி, “எனக்குந்தான் சுடுது, என்னையும் கூட்டிட்டுப் போலே” என்றாள். மறுபடியும் சிரிப்பு. நீயும் சிரித்துவிட்டாய். “அப்ப சுண்ணாம்புதான்” என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பல்லுக்குப் போனாய். சாயங்காலம் கருவிகளை எடுத்து வைத்தபோது அந்தக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாய்.

இதைத்தான் நீ குற்றம் என்கிறாய். நான் படுத்துக்கொண்டு இதையேதான் யோசித்துப் பார்க்கிறேன். வேறு ஒரு பிள்ளை, மதராஸில் பிறந்தவன், அந்த வெள்ளையைப் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டான். அவனுக்குச் சுண்ணாம்பு சுடுவது என்றால் என்னவென்றே தெரியாது. நீ இந்த மணலில் பிறந்தவன். பேச்சு வருகிற காலத்திலிருந்து ‘சுண்ணாம்பு சுட்டுடுச்சு’ என்பதைத் தினமும் கேட்டு வளர்ந்தவன். எங்கள் வாய் வேகாத நாள் உண்டா? நாக்கு வெந்தாலும் சுண்ணாம்பு, உதடு வெந்தாலும் சுண்ணாம்பு. தேங்காய்ப் பாலைக் கொப்பளித்தால் அடுத்த நாள் ஆறிவிடும். ஆகவே ஆறாத ஒன்று வந்தபோதும் எங்களிடம் அதற்கு வேறு பெயர் இல்லை. அந்தப் பெயரைச் சொன்னதும் உன் படிப்பு ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டது, நீ எங்கள் பிள்ளை ஆகிவிட்டாய். இதில் யாரைக் குற்றம் சொல்வது? உன்னைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னைச் சொல்லிக்கொண்டு அழவும் நேரம் இல்லை.

அந்த வெள்ளை புண்ணாகிப் பெரிதான பிறகு மதுரையில் காட்டியபோது டாக்டர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அய்யாவிடம் மட்டும் பேசினார். அய்யா வந்து, “புத்துக்குக் கரண்டு வச்சாலும் பிரயோசனம் இல்லையாம், வா, வீட்டுக்குப் போவோம்” என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. ரயிலில் பாம்பன் பாலம் வருகிறவரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான். பிறகு நீ ஓடி வந்தாய். வாயைத் திறக்கச் சொன்னாய், திறக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்ப் பூவரச மரத்தடியில் நின்றாய். வைத்த சோற்றைத் தொடாமல் ரயிலுக்குப் போய்விட்டாய். அன்றைக்கே எனக்குத் தெரியும், நீ ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகமாட்டாய் என்று.

எனக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன், பழக்கத்தினால் வைக்கிறேன். நீ மருந்து வாங்கி அனுப்ப வேண்டாம். மதராஸிலிருந்து டாக்டரைக் கேட்டு எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்து நீ படிப்புக்குத் திரும்பிவிடுவாய் என்றும் நான் நம்பவில்லை. உன் பிடிவாதம் என்னிடமிருந்து வந்ததுதானே. உப்பளத்துக்குத்தான் போவாய் என்றால் போ. ஆனால் அங்கே பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் பார். அவர்கள் கன்னமும் ஒரு பக்கம் புடைத்துத்தான் இருக்கும். வாயைப் பார்க்காமல் இருப்பதற்கு நீ எந்த ஊருக்கு ஓடுவாய்?

திரும்பிப் போனால், உன் அம்மா சொல்வதற்கு இரண்டொன்று இருக்கிறது. புகையிலையை விடு என்று எடுத்ததும் சொல்லாதே, பசித்தவளிடம் அது ஏறாது. பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கன்னத்தைப் பார். கேலி செய்து சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதே. நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பாதே. நீ திருப்பமாட்டாய், எனக்குத் தெரியும், சும்மா சொல்கிறேன். பெரிய டாக்டருக்குப் பிடுங்க ஆயிரம் பல் காத்திருக்கும், கன்னத்தை ஒதுக்கிப் பார்க்க அவருக்கு நேரம் எங்கே? ஒவ்வொரு வாயாக, மெதுவாக, விரலை ஊன்றிப் பார்த்துக்கொண்டு போகிறவன் நீதான்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். நீ மறந்துவிட்டுப் போன கண்ணாடி மாதா சுரூபத்துக்கு முன்னால் இருக்கிறது. நேற்று உன் பாக்கியம் அத்தை வந்தாள். இப்போதெல்லாம் என் பக்கத்தில் மூக்கைச் சுளிக்காமல் உட்கார்வது அவள் ஒருத்திதான். எனக்குத் தலை வாரிவிட்டு, களத்துக் கதையெல்லாம் சொன்னாள். பேச்சுக்கு நடுவே வலது கன்னத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். மிளகாய் பட்டால் எரிகிறதாம், சோறு தின்ன முடியவில்லையாம். அன்று பூவரச மரத்தடியில் அவள் வாயைத் திறந்து காட்டியது எனக்கு நினைவு வந்தது. எல்லோரும் சிரித்தோமே தவிர, அவள் வாய்க்குள் யார் பார்த்தோம்? நீயும் பார்க்கவில்லை.

எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து வந்தேன். அவள் வாயைக் காட்டித் திற என்று சைகை செய்தேன். “என்ன மதினி, மகன் போனா அம்மாவா?” என்று சிரித்தாள். அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். உருண்டையைத் துப்பிவிட்டுத் திறந்தாள். மோதிர விரலை அவள் பல்லில் ஊன்றிக்கொண்டு, நீ செய்ததுபோலவே கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தேன். அங்கே இருந்தது. அதே பக்கம், அதே வெள்ளை. நடுவில் கொஞ்சம் சிவந்து தடித்திருந்தது. என் விரல் நடுங்கியது.

அவள் கன்னத்தைத் தொட்டேன், பிறகு என் கன்னத்தைத் தொட்டேன். திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டினேன். புரிந்துவிட்டது அவளுக்கு. கொஞ்ச நேரம் என் புண்ணையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. நான் சத்தம் போட்டுப் பேசப் பார்த்தேன், எச்சில்தான் வழிந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு சுருக்குப் பையை அவிழ்த்து, புகையிலையைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, அதே இடத்தில் வைத்து அதக்கிக்கொண்டாள்.

“அட போங்க மதினி, சுண்ணாம்பு சுட்டது” என்றாள். மீன் காய்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

நான் வாயோடு இருந்திருந்தால் தெருவைக் கூட்டியிருப்பேன், அவளை மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரயிலேற்றியிருப்பேன். அய்யாவிடம் சைகையில் சொல்லி அனுப்பினேன். “அவ கேக்கமாட்டேங்குறா” என்று திரும்பி வந்துவிட்டார். மதராஸில் கண்ணாடி பிடிக்கப் படித்த நீ வந்து கேட்டு, அவள் வாயைத் திறந்தால்தான் உண்டு, அவளுக்கு வேறு வழி இல்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரை முழுக்கத் திரிந்தவள் அவள். உன்னைக் கண்டால் திறப்பாளா என்றும் எனக்குத் தெரியவில்லை. இப்போதே காலம் தாழ்ந்துவிட்டதோ, அதுவும் தெரியவில்லை.

உப்பளத்துக்குப் போவதற்கு முன்னால் இங்கே வந்து இறங்கு. என்னைப் பார்க்க வேண்டாம், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரே அத்தை வீட்டுக்குப் போ. கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். ‘சுண்ணாம்பு சுட்டது’ என்றுதான் அவள் சொல்லுவாள், சிரிக்கவும் சிரிப்பாள். ஏலே சந்தியாகு, இந்தத் தடவை தலையை ஆட்டிவிடாதே.